ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்து ஊட்டிய தாய்
டாக்டர் மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏற்காடு. அந்த மலையில் செம்மநத்தம் என்று ஓர் ஊர் இருக்கிறது.

காப்பித் தோட்டங்களும், ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக் மரங்களும், மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகளும் நிறைந்த மலை அது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்து விட்டால், காலையில் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்து விடும்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு வீட்டில் "அ, ஆ" சொல்லிக் கொடுப்பது யார்?

தாய் களைத்துப் போய் வந்திருப்பாள். அடுப்பு மூட்ட வேண்டும். பாட்டி வீட்டில்தான் இருப்பாள். ஆனால், அவளுக்கு எழுத்து தெரியாது. தனக்கே தெரியாததைப் பேரனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஒதுங்கி விடுவாள்.

இது செம்மநத்தத்துக்கு மட்டும் உரிய கஷ்டம் அல்ல. 1907-ம் ஆண்டில், இத்தாலி நாட்டின் தலைநகரான ரோமாபுரியிலும் இதே கஷ்டம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தாய்மார்கள் சிலர், ஒரு டாக்டர் அம்மாளிடம் போனார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தரும்படி கேட்டார்கள்.

அந்த டாக்டர் அம்மாள் முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். அதன் பயனாக, உலகம் முழுவதும் சின்னக் குழந்தைகளுக்கு எழுத்து கற்பிக்கும் முறையே மாறியது.

அவர்தான் மரியா மாண்டிசோரி.

என்ஜினீயர் ஆக ஆசை

மரியா பிறந்தது 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. ஊர், இத்தாலியில் உள்ள கியாரவல்லே.

தந்தை அலெக்சாண்ட்ரோ, சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய காலத்துக் கட்டுப்பாடுகளை நம்புகிறவர். தாய் ரெனில்டே, புத்தகம் படிப்பதில் ஆசை கொண்டவர். அந்தக் காலத்தில், அந்த ஊர்ப் பக்கத்தில், இவ்வளவு படிப்புள்ள பெண்ணைக் காண்பது அரிது. மரியா ஒரே மகள். 1875-ல் குடும்பம் ரோமாபுரிக்குக் குடி போயிற்று.

பெண் வளர்ந்தால் பள்ளிக்கூட ஆசிரியை ஆகலாம். அதற்கு மேல் என்ன இருக்கிறது? தந்தையின் எண்ணம் இதுதான். மகளோ, பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்தில் சேருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். என்ஜினீயர் ஆக ஆசை! தாய் மகளின் பக்கம் நின்றாள். மரியா சேர்ந்தாள்.

சில ஆண்டுகள் போனதும் ஆசை மாறியது. இப்போது டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றாள். தந்தைக்கு இது முன்னதைவிடப் பெரிய அதிர்ச்சி.

பிணத்துடன் தனியாக!

ரோமாபுரி சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்பில் மரியாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால், ஒரு சங்கடம்.

வைத்தியம் படிப்பவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துப் பாடம் கற்க வேண்டும். ஆண்களும் பெண்ணும் ஒன்றாக நின்று நிர்வாணமான உடலைப் பார்ப்பது தகாது என்று கருதினார்கள். ஆகவே, மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அந்தி சாய்ந்த வேளையில், மரியா தன்னந்தனியாக அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தது. சுற்றிலும் பிணங்கள். நடுவே ஓர் இளம் பெண். கையில் கத்தி.

அவர் பயந்தாரா? பயந்தார். அருவருப்பும் பட்டார். ஆனாலும், மறுநாளும் போனார்.

1896-ம் ஆண்டில் மரியா டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர் என்ற பெயர் கிடைத்தது. (நம் நாட்டில் புதுக்கோட்டை முத்துலட்சுமி, சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912-ல். அவரும் வகுப்பில் இதைப்போன்ற சங்கடங்களைத் தாண்டி வந்தவர்தான்.) அதே ஆண்டில், பெர்லின் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மரியா போனார். ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்தால் கூலியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அங்கே பேசினார்.

ரொட்டித் துணுக்கு

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அந்தக் காலத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். வைத்திய வேலையாக அங்கே போன மாண்டிசோரி, ஒரு காட்சியைக் கண்டார்.

வெறும் அறை. அதில் கூட்டமாகக் குழந்தைகள். அவர்களைக் காவல் காத்த பெண்ணுக்கு அந்தக் குழந்தைகளைக் கண்டாலே வெறுப்பு. சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்களாம்.

மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை. ஒரு குச்சி இல்லை. ஒரு கூழாங்கல் இல்லை. கையால் தொட்டு உருட்டிப் பார்க்க அந்த அறையில் இருந்த ஒரே பொருள், தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குதான். குழந்தைகள் பசிக்காக மட்டும் அதைத் தேடவில்லை. அவர்களுடைய கை வேலை கேட்டது. இதை அவர் அந்த இடத்திலேயே உணர்ந்து கொண்டார்.

இதே துறையில் முன்னர் உழைத்த பிரெஞ்சு டாக்டர்கள் இத்தார், செகேன் ஆகியோரின் புத்தகங்களைத் தேடிப் பிடித்தார். அவற்றை இத்தாலிய மொழியில் தம் கைப்படவே எழுதி எழுதிப் படித்தார். 1900-ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் பொறுப்பு ஏற்றார். தொட்டுப் பார்க்கும் சாமான்களைக் கொடுத்துப் பழக்கினார். அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற பிள்ளைகளுடன் பரீட்சை எழுதித் தேறி விட்டார்கள்!

ஊரே அதிசயப்பட்டது. மாண்டிசோரியோ வேறு விதமாக அதிசயப்பட்டார். மூளை குன்றிய குழந்தை, நல்ல குழந்தைக்குச் சமமாக எழுதுகிறது என்றால், நல்ல குழந்தையை நம் பள்ளிக்கூடங்கள் எந்த அளவுக்குப் பாழாக்கி வைத்திருக்கின்றன? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

மறைத்து வைத்த மகன்

இந்த நேரத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய துயரம் நேர்ந்திருந்தது.

தம்முடன் வேலை பார்த்த டாக்டர் மாண்டிசானோவை அவர் நேசித்தார். 1898-ல் மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ. கல்யாணம் நடக்கவில்லை.

கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் குழந்தை என்று தெரிந்தால், அன்றைய இத்தாலியில் அவர் டாக்டர் தொழில் நடத்தி இருக்க முடியாது. மேடையில் பேசி இருக்க முடியாது. எனவே, குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மாண்டிசானோ 1901-ல் வேறு ஒரு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டார்.

மகனைப் பார்க்க அவ்வப்போது கிராமத்துக்குப் போவார். யாரோ ஒரு சீமாட்டி வந்து தன்னைப் பார்த்து விட்டுப் போகிறாள் என்றுதான் சிறுவன் நினைத்தான். தாய் என்று அவர் சொல்லவில்லை. மகன் "அ" எழுதிப் பழகியபோது, அவனுடைய கையைப் பிடித்தது வேறு யாரோ.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியைக் கேட்டிருந்தால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்குமோ!

அறுபது பிள்ளைகள், ஓர் அறை

ரோமாபுரியில் சான் லோரென்சோ என்பது ஏழைகள் வசிக்கும் பகுதி. அங்கே பெரிய பெரிய குடியிருப்புக் கட்டிடங்களைப் பழுது பார்த்துத் தொழிலாளர் குடும்பங்களைக் குடி வைத்தார்கள். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது ஆகாத சிறுசுகள் மாடிப்படிகளில் ஓடும். புதிதாக வெள்ளை அடித்த சுவரில் கிறுக்கும்.

கட்டிடக்காரர்களுக்குச் சுவரைப் பற்றிக் கவலை! இந்த வானரங்களை ஓர் அறையில் உட்கார்த்தி வைக்க ஆள் தேடினார்கள். மாண்டிசோரி சம்மதித்தார்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. சுமார் 60 குழந்தைகள். அழுது வீங்கிய முகங்கள், கந்தல் உடை. "குழந்தைகளின் வீடு" என்று அதற்குப் பெயர். கவனித்துக்கொள்ள, அந்தக் குடியிருப்பிலேயே வசித்த ஒரு பெண்ணை நியமித்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. அதுவே நல்லதாகப் போயிற்று. பழைய பள்ளிக்கூட வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது அல்லவா? மாண்டிசோரி சொன்னபடி சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். குழந்தைகளை அதட்டாமல் விட்டாள்.

சிறிய மேஜை, சிறிய நாற்காலி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி. குழந்தை விரும்பியதை எடுத்து வேலை செய்யலாம். முடிந்ததும் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

எழுத்து கற்றுக் கொடுக்கும் எண்ணமே முதலில் அவருக்கு இல்லை. ஆறு வயதுக்கு முன்பு எழுத்து கூடாது என்பது அன்றைய அறிஞர்களின் கருத்து. அவரும் அதை ஒட்டியே இருந்தார். அப்போதுதான் தாய்மார்கள் வந்து கேட்டார்கள். தங்களுக்குத்தான் எழுத்து இல்லை. பிள்ளைகளாவது பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது திணறாமல் இருக்கட்டும் என்று மன்றாடினார்கள்.

உப்புத்தாள் எழுத்து

மூளை குன்றிய குழந்தைகளுக்காக முன்பு மரத்தில் அழகான எழுத்துகள் செய்து வைத்திருந்தார். அதேபோல் மறுபடியும் செய்விக்க வழி கிடைக்கவில்லை. என்ன செய்வது?

தச்சர்கள் மரத்தைத் தேய்க்கப் பயன்படுத்தும் உப்புத்தாளை வாங்கினார். அதை எழுத்து வடிவில் வெட்டினார். வழவழப்பான அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் அந்த எழுத்தை, எழுதுகிற போக்கிலேயே தடவ வேண்டும். எழுத்து சொரசொரப்பாக இருக்கும். விரல் வழி தவறினால் வழவழப்பு தட்டுப்படும். தவறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரலே சொல்லி விடும்!

தடவும்போதே அந்த எழுத்தின் ஓசையைச் சொல்ல வேண்டும். கண் பார்க்கிறது, விரல் தடவுகிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. நான்கும் ஒரே நேரத்தில்.

சற்று யோசித்தால் நமக்கு இது புதிது அல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் படித்தார்கள். சென்னையில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் இந்த வழக்கத்தைக் கண்டு, 1797-ல் இங்கிலாந்தில் புத்தகமே வெளியிட்டார். இன்றும் விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். மறுநாளே தட்டை எடுத்து வைத்து விட்டுப் பென்சிலைக் கையில் திணித்து விடுகிறோமே, அங்கேதான் கோளாறு.

கூரைமேல் நடந்த அதிசயம்

உப்புத்தாள் எழுத்துகளைத் தடவிப் பழகிய பிறகு, அட்டையில் வெட்டிய தனி எழுத்துகளைக் குழந்தைகளிடம் கொடுத்தார். பென்சில் பிடிக்கத் தெரியாத குழந்தைகள், அந்த எழுத்துகளை வரிசையாக வைத்துத் தமக்குத் தெரிந்த சொற்களை அமைத்தார்கள்.

அது டிசம்பர் மாதம். ஆனாலும், அன்றைக்கு நல்ல வெயில். மாண்டிசோரி குழந்தைகளுடன் மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அருகே ஒரு புகைக்கூண்டு. பக்கத்தில் ஐந்து வயதுப் பையன். அவனிடம் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, அந்தப் புகைக்கூண்டைப் படம் வரையச் சொன்னார்.

பையன் தரையில் குந்தி வரைந்தான். வரைந்து முடித்து நிமிர்ந்து அவரைப் பார்த்தான். சிரித்தான். எதையோ பொங்க விடப் போகிறவன்போல ஒரு கணம் இருந்தான். திடீரென்று தனக்கு எழுதத் தெரியும் என்று கத்திக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, தரையில் "கை" என்று எழுதினான். அடுத்து "புகைக்கூண்டு" என்று எழுதினான். பிறகு "கூரை" என்று எழுதினான்.

அவன் போட்ட கூச்சலில் மற்றப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். இரண்டு மூன்று பேர் உடம்பெல்லாம் நடுங்கச் சாக்குக்கட்டி கேட்டார்கள். அவர்களும் எழுதினார்கள்! அதற்கு முன் ஒரு நாளும் அவர்கள் எழுதியது இல்லை. எழுதும்படி யாரும் சொன்னதும் இல்லை. ஆனால், விரலுக்கு வழி தெரிந்திருந்தது.

அன்று முதல் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தரையில் எழுதினார்கள். கதவில் எழுதினார்கள். வீட்டில் வாங்கி வைத்த ரொட்டியின் மேல்கூட எழுதினார்கள்! வீட்டைக் காப்பாற்றத் தாய்மார்கள் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு குழந்தை பகல் முழுவதும் எழுதி விட்டு, இரவில் காகிதத்தையும் பென்சிலையும் கையில் பிடித்தபடியே தூங்கிப் போயிற்று.

படிப்பு அதன் பிறகுதான் வந்தது. முதலில் எழுத்து, அப்புறம் படிப்பு. உலகம் அதுவரை நினைத்திருந்ததற்கு நேர்மாறு! பொம்மைகளின் பெயரைச் சீட்டுகளில் எழுதி மாண்டிசோரி குலுக்கல் வைத்தார். சீட்டைச் சரியாகப் படித்தவருக்கு அந்தப் பொம்மை. குழந்தைகள் படித்தார்கள். ஆனால், பொம்மையை வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் சீட்டு கொடுங்கள் என்று கையை நீட்டினார்கள். மணிக்கணக்கில் சீட்டுப் படித்தார்கள். பொம்மைகள் அப்படியே கிடந்தன.

பாட்டிக்கும் முடியும்

சான் லோரென்சோவில் நடந்ததைச் செம்மநத்தத்து வீட்டில் செய்ய முடியாதா? செய்யலாம்.

பென்சில் பிடிக்க வேண்டியது மூன்று விரல்கள். அந்த விரல்களைப் பழக்கப் பென்சிலே தேவை இல்லை. முறத்தில் மொச்சையும் அவரைக்கொட்டையும் கலந்து கொட்டி, பிரித்து வைக்கச் சொன்னால் போதும். விரல் நுனி உறுதிப்படும். சட்டைப் பித்தான் போடுவதும், பூண்டு உரிப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இதற்குப் பாட்டியைவிட நல்ல ஆசிரியை யார்?

அடுத்தது எழுத்து. ஒரு முழு உப்புத்தாளில் பல எழுத்துகள் வெட்டலாம். அதுவும் வாங்க முடியாவிட்டால், அட்டையில் பசை தடவி எழுதி, மேலே மணலைத் தூவி உலர விட்டால் எழுத்து தயார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் ஒருநாள் மாலை உட்கார்ந்தால் செய்து விடலாம். தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி வைத்தால் அதுவே சிலேட்டு.

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். குழந்தையை மலைக்க வைக்க இது போதும். ஆனால், உயிர் 12, மெய் 18 தெரிந்து, கால், கொம்பு, புள்ளி முதலிய அடையாளங்களும் பழகி விட்டால் பெரும்பாலானவை அதில் அடங்கி விடும். "அ" எழுதுவதற்குக் கஷ்டமான எழுத்து. வளைவு அதிகம். "ட", "ப", "ம" ஆகியவை எளிது. "ப", "ட", "ம்" மூன்றும் தெரிந்தால் "படம்". நடுவே ஒரு "ட்" வைத்தால் "பட்டம்". "ப" பக்கத்தில் ஒரு கால் வைத்தால் "படம்", "பாடம்" ஆகி விடும். அந்தக் காலை நகர்த்தி வைத்து விளையாடும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

எழுத்தை அறிமுகப்படுத்த மாண்டிசோரி மூன்று படிகள் வைத்திருந்தார். முதலில் இரண்டு எழுத்துகளை எடுத்து, இது "ப", இது "ம" என்று சொல்லித் தடவ விட வேண்டும். இரண்டாவதாக, "ப" எது, "ம" எது என்று கேட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கடைசியாகத்தான் ஒன்றைக் காட்டி, இது என்ன என்று கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முதல் நாளே மூன்றாவது கேள்வியைக் கேட்டு விடுகிறோம். குழந்தை விழிக்கிறது. நாம் கையை ஓங்குகிறோம்.

குழந்தை தவறாகச் சொன்னால் திருத்தக்கூட வேண்டாம் என்கிறது அவருடைய முறை. சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்து வைத்து விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை எழுந்து ஓடினால் விட்டு விட வேண்டும். பொறுமைதான் இதற்கு முதலீடு. பள்ளிக்கூடத்துக் கட்டணம் கட்டுவதைவிட அது கஷ்டமானது என்று தோன்றுகிறது!

நான்கு வயதுக் குழந்தை, தடவத் தொடங்கியதில் இருந்து முதல் சொல்லை எழுதுவதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மாதம் ஆயிற்று என்று மாண்டிசோரி கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அது இத்தாலிய மொழிக்கு. தமிழுக்கு எழுத்து அதிகம், நாளும் கூடும்.

புகழும் அலைச்சலும்

1909-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்த்தார்கள். 1913-ல் அமெரிக்காவுக்குப் போனார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் குழந்தைகள் வேலை செய்வதை, ஜனங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இந்தப் புகழுக்கு நடுவே, அவருடைய தாய் 1912-ல் இறந்தார். அடுத்த ஆண்டு மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு 15 வயது. அதன்பிறகு இருவரும் பிரியவில்லை. ஆனால், வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையன், அல்லது வளர்ப்பு மகன். அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தாலியில் முசோலினி பதவிக்கு வந்தான். 1924-ல் அவன் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தான். அம்மையாரும் ஏற்றுக்கொண்டார். சர்வாதிகாரியின் கையில் இருந்து வாங்கியது தவறு என்று குறை சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், சொன்னபடி நடக்கும் பிள்ளைகள் முசோலினிக்கு வேண்டும். சொந்தமாக யோசிக்கும் பிள்ளைகள் மாண்டிசோரிக்கு வேண்டும். எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் முறிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் மூடியது. ஸ்பெயினில் இருந்தார், 1936-ல் அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஹாலந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சென்னையில் கைதி!

1939-ம் ஆண்டு நவம்பர் மாதம். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவருடைய மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின்பேரில், மாண்டிசோரி மகனுடன் சென்னைக்கு வந்தார். வயது 69.

சில மாதங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து விட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. நாட்டின் பல பாகங்களில் இருந்தும் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அடையாற்றுத் தோப்பில் ஓலைக் கொட்டகை. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். பக்கத்தில் நின்று மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் குதித்தது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர் எல்லாரும் பகைவர் ஆனார்கள். மரியோவைப் பிடித்து அகமதுநகர் முகாமுக்குக் கொண்டு போய் விட்டார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு.

மொழி தெரியாத ஊர். வயோதிகம். மகனை இரண்டாவது முறையாகப் பிரிந்தார். முன்பு ஊருக்குப் பயந்து அவராகப் பிரிந்தார். இப்போது போர் பிரித்தது.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70-வது பிறந்த நாள். அன்று வைசிராயிடம் இருந்து செய்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மரியோவை விடுதலை செய்திருப்பதாக அதில் கண்டிருந்தது. விடுதலை மட்டுமா? மரியோ அவருடைய மகன் என்றே அந்தச் செய்தியில் குறித்திருந்தார்கள். 42 ஆண்டுகளாக உலகத்துக்குச் சொல்ல முடியாமல் இருந்த உறவை, சிறை வைத்த சர்க்காரே எழுதி அனுப்பி விட்டது.

மலையில் இரண்டு ஆண்டு

1942-ல் தாயும் மகனும் கொடைக்கானல் போனார்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் அங்கே வசித்தார்கள். ஏற்காட்டைப்போலக் குளிர்ந்த மலை. அங்கே ஒரு சிறு பள்ளிக்கூடம் நடந்தது. சின்னக் குழந்தைகளும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் கலந்து படித்தார்கள். பெரியது சிறியதற்குச் சொல்லிக் கொடுக்கும். செடி, பூச்சி, கல், ஓடை எல்லாம் பாடப்புத்தகம் ஆயின. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் வகுத்தது இந்த மலையில் இருந்த காலத்தில்தான்.

நம் ஊர்க் கைக்குழந்தைகளையும் கவனித்தார். தாயின் இடுப்பில் உட்கார்ந்து கடைத்தெருவுக்கும் கிணற்றடிக்கும் போகும் குழந்தை, எல்லோருடைய பேச்சையும் கேட்கிறது. யாரும் கற்பிக்காமலே ஒரு மொழியை முழுசாக வாங்கிக் கொள்கிறது. இதைப் பற்றிய சொற்பொழிவுகள் 1949-ல் அடையாற்றில் புத்தகமாக அச்சாயின. இன்று உலகம் முழுவதும் ஆசிரியர்கள் படிக்கும் அந்தப் புத்தகம் முதலில் வெளிவந்தது நம் சென்னையில்!

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1947-ல் மறுபடியும் இங்கே வந்து பயிற்சி கொடுத்தார்.

இப்போது அவருடைய பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிடாத நகரமே இல்லை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளலாம், தடை இல்லை. பலகையில் பெயர் இருக்கும். உள்ளே மூன்று வயதுக் குழந்தை நோட்டுப் புத்தகத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்! குடிசைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, பணக்காரர் வீட்டுச் சொத்துபோல ஆனதும் வேடிக்கைதான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழகம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலில், தரையில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்த பிள்ளைகளிடம் அந்த முறையின் சாயல் மீண்டும் தெரிந்தது.

1952-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, ஹாலந்தில், கடலோரத்தில் உள்ள நூர்து வைக் என்ற ஊரில், மாண்டிசோரி காலமானார். வயது 81. மரியோ அருகில் இருந்தார்.

அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். இத்தாலிய சர்க்கார் பிற்காலத்தில் ஆயிரம் லிரா நோட்டில் அவருடைய படத்தைப் போட்டது.

அவர் எழுதி வைத்த உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் மரியோவுக்கே விட்டுச் சென்றிருந்தார். அதில் உறவுக்காரப் பையன் என்றோ, வளர்ப்பு மகன் என்றோ எழுதவில்லை. என் மகன் என்று எழுதி இருந்தார்.